அம்சம் அமுக்கிப் பார்த்த நகங்கள்

அம்சத்துக்கு நீடாமங்கலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. பிள்ளைகள் முகத்துக்கு நேரே 'கொசு அக்கா' என்பார்கள். பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் 'தொணதொணப்பு' என்பார்கள். இரண்டுமே பொருத்தம்தான் என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

பேரூராட்சியில் தினக்கூலிக்குக் கொசுப்புழு தேடும் வேலை அவளுக்கு. நாளைக்கு ஐம்பது வீடு. தொட்டி, டிரம், பூச்சாடி, தேங்காய் மட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு என்று எதையும் விடாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பார்த்தோமா, மருந்தை ஊற்றினோமா, சுவரில் ஒட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அம்சம் அப்படி இல்லை. "இந்தத் தண்ணி எப்பப் புடிச்சது? யாரு புடிச்சா? மூடி எங்க? மூடியை எதுக்கு எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரிக்கு அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும்.

சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போன காலத்தில், வரிசை முன்னே நகர்ந்துவிடும்; இவள் மட்டும் ஒரு நத்தை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள். திட்டு வாங்காத நாள் கிடையாது. பிறகு ஆற்றில் தண்ணீர் வருவது தள்ளிப்போய், நடவுக்கு இயந்திரமும் வந்து, வயல் வேலை குறைந்தது. அவள் புருஷன் சாமிதுரை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். மகன் அறிவுச்செல்வன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். இவளுக்குக் கொசு வேலை கிடைத்தது. கிடைத்த முதல் வாரமே, பிடித்த புழுவில் நாலைக் நல்ல தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயைப் பழைய நைலான் புடவைத் துண்டால் கட்டி, வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டாள். எட்டாம் நாள் காலையில் காலில் வெள்ளை வரி போட்ட இரண்டு கொசுக்கள் துணியில் முட்டிக்கொண்டிருந்தன.

"ஒழிக்கச் சொல்லி சம்பளம் தர்றாங்க, நீ வளத்துக்கிட்டிருக்க" என்றான் மகன். அவளுக்கோ பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை. சாக்கடையில்தான் கொசு வளரும் என்பார்கள், இதுவோ நல்ல தண்ணீரில் வளர்கிறது என்று அன்றைக்கு அவள் கண்ணால் கண்டாள்.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் டெங்குப் பேச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்களுக்கெல்லாம் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். வந்த டாக்டர் ஒன்று சொன்னார்: "காய்ச்சல் கொதிக்கறப்ப பயப்படாதீங்க. விடறப்ப பாருங்க. நாலாம் நாள், அஞ்சாம் நாள், ஆறாம் நாள். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு ஜனங்க சந்தோஷப்படற அந்த நேரத்துலதான் சில புள்ளைங்க கைய விட்டுப் போகுது."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அம்சம் மட்டும் எழுந்து நின்றாள். "ஏன் சார்? காய்ச்சல் போனா நல்லதுதானே?"

"ரத்தக் குழாய் கசியும்மா" என்றவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கையில் நகத்தை அமுக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அமுக்கினால் வெளுக்கும். விட்டால் இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆபத்து.

அவ்வளவுதான், பிடித்தது சனியன். வகுப்பிலிருந்து வந்த நாள் முதல் அம்சம் ஊரில் யார் நகத்தையும் சும்மா விடவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினால் கிளாஸோடு விரலையும் பிடிப்பாள். ஆட்டோ துரைராசு, கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், தீபாவளிக்கு ஊருக்கு வந்த சாமிதுரை, ஒருவரும் தப்பவில்லை. "ஏண்டி, ஆறு மாசம் கழிச்சு வந்திருக்கேன், கைய புடிச்சா நகத்தையா அமுக்குவ?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். நல்லா இருக்கும் நகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டது தெரியும் என்பது அவள் கட்சி. கணக்கில்லாமல் அமுக்கியதில் 'ரெண்டு' என்று வாயில் வருவதற்குள் சிவப்பு ஓடி வருவது அவள் கண்ணுக்குப் பழகிப்போயிற்று.

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு நஜ்மாவின் வீட்டு மணியை அடித்தாள்.

அந்தத் தெருவிலேயே துடைத்து வைத்த மாதிரி சுத்தமான வீடு அது. மாடி வீடு. நஜ்மாவின் புருஷன் ஃபஹத் சவூதியில், தம்மாமில், ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வேலை நேரத்தில் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். நம் ஊர் மணி ஆறரைக்கு, மஹ்ரிப் தொழுகை முடிந்த கையோடு, அவன் போன் வரும். அந்த வீட்டில் எந்த முடிவும் ஆறரை மணிக்குத்தான் எடுக்கப்படும். தரைக்கு எந்த டைல்ஸ், மகள் ரிஃப்காவுக்கு எந்த வேன், கொல்லைத் தென்னையை வெட்டுவதா வேண்டாமா, எல்லாம். மொட்டை மாடித் தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னால்கூட நஜ்மா, "அவங்க பேசட்டும்க்கா, கேட்டுச் சொல்றேன்" என்பாள். கொசு என்ன சவூதிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டா முட்டையிடுகிறது என்று அம்சம் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்கு நஜ்மா முகமெல்லாம் தெளிச்சியாகக் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. நாலு நாளா இவளுக்குக் காய்ச்சல். ஒரு வழியா இன்னிக்கு விட்டுடுச்சு. வெந்நி வச்சிருக்கேன், தலைக்கு ஊத்தப் போறேன்."

கூடத்து சோபாவில் ரிஃப்கா படுத்திருந்தாள். ஏழு வயது. எப்போது வந்தாலும் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தானே தொட்டிக்குள் அடித்துப் பார்க்கிற குட்டி, இன்றைக்குக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"என்னிக்கு ஆரம்பிச்சுது?" என்றாள் அம்சம்.

"ஞாயித்துக்கெழம."

விரலை மடக்கினாள். ஐந்தாம் நாள். "மருந்து?"

"அவங்க அனுப்பின சிரப்பு. போன மாசம் ஊருக்கு வந்தவங்ககிட்ட கொடுத்துவிட்டாங்க. குடுத்த அரை மணியில காய்ச்சல் எறங்கிடும்" என்று அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். அதில் எழுதியிருந்தது அம்சத்துக்குப் புரியவில்லை.

"சாப்பிட்டாளா?"

"எங்க, காலையிலேருந்து மூணு தடவ வாந்தி. வயிறு வலிக்குதுங்கறா. பட்டினி கெடந்த வயிறுல்ல?"

"ஒண்ணுக்குப் போனாளா?"

நஜ்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கொசு பாக்க வந்தீங்களா, குசலம் விசாரிக்க வந்தீங்களா? ராத்திரி போனா. தண்ணியே குடிக்கல, எப்படிப் போவா?"

அம்சம் அதைக் காதில் வாங்காமல் சோபா ஓரம் உட்கார்ந்து குழந்தையின் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. வெளியே மழை ஈரம்தான், ஆனால் இது அந்தக் குளிர்ச்சி இல்லை. நெற்றி வேர்த்திருந்தது. கட்டைவிரல் நகத்தை அமுக்கி, விட்டாள்.

ஒண்ணு. ரெண்டு. நகம் வெள்ளையாகவே இருந்தது. மூணு. நாலு. அஞ்சு என்கிறபோதுதான் ஓரத்திலிருந்து மெல்லச் சிவப்பு ஊர்ந்து வந்தது.

அம்சம் தன் நகத்தை அமுக்கினாள். உடனே திரும்பியது. மறுபடி குழந்தையுடையது. மறுபடியும் ஐந்து. இத்தனை நாள் விளையாட்டாக ஊரையெல்லாம் அமுக்கிப் பார்த்தாளே, கெட்ட நகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாளே, ஐயோ, இந்தக் குழந்தையிடமா பார்க்க வேண்டும்!

"நஜ்மாம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்."

உள்ளேயிருந்து மாமனார் மீரா உசேன் வந்தார். ஜவுளிக் கடை வைத்திருந்து ஓய்ந்த மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். "காய்ச்சல்தான் விட்டுடுச்சேம்மா. சாயந்தரம் ஃபஹத் பேசுவான். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கு நல்ல டாக்டரா பாத்துப் போவோம்."

"பாய், சாயந்தரத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் கெடக்கு. புள்ளை தாங்காது."

"நீ டாக்டரா?" என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பார்வை கேட்டது. அம்சமும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. தினக்கூலி. எண்ணியது தப்பாக இருந்து, வீட்டுக்காரர்கள் ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வேலை கிடையாது. நஜ்மா கைபேசியில் ஃபஹத்தின் எண்ணை அடித்துக் காதில் வைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஏதோ பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நான் சொல்றத நம்ப வேணாம்" என்றாள் அம்சம். "நீங்களே அமுக்குங்க. மொதல்ல ஒங்க நகத்த. அப்புறம் பாப்பாவோடத."

நஜ்மா தன் நகத்தை அமுக்கினாள். பிறகு மகளுடையதை. உதடு அசைந்து எண்ணியது. ஐந்தாவது எண்ணில் அவள் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய் புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாள்.

"மாமா, நான் போறேன். அவங்க பேசினா நான் சொல்லிக்கறேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஆறரை மணிக்குக் காத்திராமல் எடுத்த முதல் முடிவு அதுதான். மீரா உசேன் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

துரைராசுவின் ஆட்டோ கிடைத்தது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் என்று ஒன்று இருக்கிறதே! அந்தச் சமயம் பார்த்துச் சாத்தியிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து முன்னால் போய், நின்று, திரும்பப் பின்னால் வந்தது. இருபது நிமிஷம். அம்சம் இரண்டு தடவை நகத்தை அமுக்கினாள். மூன்றாவது தடவை கையைக் கொண்டுபோனபோது நஜ்மா தடுத்தாள். "வேணாம்க்கா. அமுக்காதீங்க. என்னால எண்ண முடியல."

உள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தரம் நாடியைப் பிடித்துப் பார்த்தார், அடுத்த நிமிஷம் குழந்தை கையில் ஊசி ஏறி பாட்டில் தொங்கியது. அதோடே நூற்றெட்டு வண்டியில் ஏற்றித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் கனிமொழிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல தொண்ணூறு, கீழ எழுபத்தாறு. ரெண்டுக்கும் நடுவுல நல்ல எடைவெளி இருக்கணும். நெருங்கி வந்துடுச்சு. ரத்தமும் கெட்டியாயிருக்கு. என்ன மருந்து குடுத்தீங்க?"

நஜ்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தார். "இந்த வகை மருந்து வலியையும் காய்ச்சலையும் நல்லாக் கொறைக்கும். டெங்குன்னா மட்டும் குடுக்கவே கூடாது. வயித்துல ரத்தம் கசிய வைக்கும். பாராசிட்டமால் தவிர வேற எதுவும் வேணாம்." குரலில் கோபம் இல்லை. அதனாலேயே நஜ்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் முழுக்க வார்டில் நடந்ததை அம்சம் கண் கொட்டாமல் பார்த்தாள். பாட்டிலைத் தொங்கவிட்டதோடு யாரும் போய்விடவில்லை. மணிக்கு மணி வந்து கை சூடு, நாடி, நகம், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி இரத்தம் எவ்வளவு கெட்டி என்று பார்த்தார்கள். மூத்திரம் எவ்வளவு என்று அளந்தார்கள். பார்த்துப் பார்த்துச் சொட்டின் வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். நாலு மணிக்கு மணிக்கட்டு வரை சூடு வந்தது. ஐந்தரைக்கு நகம் இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தது. "மத்தியானம் தாண்டிக் கொண்டாந்திருந்தா நாடியே கெடச்சிருக்காது" என்றார் டாக்டர்.

ஆறரைக்குப் போன் வந்தது. ஃபஹத் கத்தியது பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவ்வளவு தூரம் எப்படிப் போன?"

"கேட்டுட்டுப் போகணும்னு ஒக்காந்திருந்தா, இப்ப ஒங்ககிட்ட வேற சேதி சொல்லிக்கிட்டிருந்திருப்பேன்" என்றாள் நஜ்மா.

அம்சம் அன்று கடைசி பஸ்ஸுக்கு முன் பஸ்ஸில் ஊர் திரும்பினாள். வெள்ளியன்று ஐம்பது வீட்டையும் கேள்வியில்லாமல் முடித்தாளாம், தெருவே ஆச்சரியப்பட்டது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டாள். பாசமா, அந்த 'ஏன்' என்ற குடைச்சலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வார்டுக்குள் நுழையும்போதே ஒரே களேபரம். மீரா உசேனும் அவரோடு வந்திருந்த நாலு சொந்தக்காரர்களும் நர்ஸைச் சுற்றி நின்றார்கள். சங்கதி இதுதான்: ரிஃப்காவின் இரத்தத்தில் தட்டணுக்கள், அதான் பிளேட்லெட், இருபத்திரண்டாயிரம்தான் இருக்கின்றன என்று சீட்டு வந்திருக்கிறது. ஆனால் டாக்டரோ நேற்றிலிருந்து சொட்டைக் குறைத்துக் குறைத்து, இன்றைக்கு நிறுத்தப் போகிறேன் என்கிறார்.

"அணு ஏறவேயில்ல, அதுக்குள்ள பாட்டிலை நிறுத்தறாங்க. தனியார் ஆஸ்பத்திரின்னா இப்படி விடுவாங்களா?" என்றார் மீரா உசேன். "ஃபஹத் பேசட்டும். இன்னிக்கே மாத்திடுவோம்." நஜ்மா நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். புருஷன் வீட்டு ஆட்கள் ஐந்து பேர், அவள் ஒருத்தி. மகளை இந்த நிலையில் வண்டியில் ஏற்றி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய், இன்னொரு பாட்டில் ஏற்றுவதா?

அம்சம் நேரே டாக்டர் கனிமொழியிடம் போனாள். "டாக்டரம்மா, கசியுது கசியுதுங்கறாங்க. எது, எங்க கசியுது? அன்னிக்கு அவ்வளவு தண்ணி ஏத்தினீங்க, இன்னிக்கு ஏன் நிறுத்தறீங்க? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. நாலு மாசமா தூக்கம் வரல எனக்கு."

டாக்டர் களைத்துப்போயிருந்தார், ஆனாலும் சிரித்துவிட்டார். "நீங்க எந்த ஊரு? வயல் வேலை பாத்திருக்கீங்களா?"

"பாக்காம?"

"வரப்புல நண்டு வளை போட்டா என்ன ஆகும்?"

"தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும். நம்ம வயல் காயும்."

"அதேதான். காய்ச்சல் விடற சமயத்துல ரத்தக் குழாயெல்லாம் அப்படி ஓட்டை விழுந்த வரப்பாட்டம் ஆயிடுது. ரத்தத்துல இருக்கற தண்ணி வயித்துக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் போயிடும். குழாய்க்குள்ள மிஞ்சறது கெட்டி ரத்தம். கை சில்லிடும், மூத்திரம் நின்னுடும். வெளிய ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே புள்ளை போயிடும். அதனால பயிர் காயாத அளவுக்கு மட்டும் தண்ணி விடறோம். ஒரு நாள், ஒண்ணரை நாள், மிஞ்சினா ரெண்டு நாள். அப்புறம் வளை தானா மூடிக்கும். அடுத்த வயலுக்குப் போன தண்ணியெல்லாம் திரும்பி வரும். அந்த நேரத்துல நாம இன்னும் எறைச்சுக்கிட்டே இருந்தா?"

"வரப்பு ஒடைஞ்சுடும்" என்றாள் அம்சம். அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

"நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சு முட்டும். அணு தானா ஏறும், அதுக்காகப் பாட்டில் ஏத்தக் கூடாது. ரத்தக் கசிவு எதுவும் இல்ல. நாடி, மூத்திரம், பசி, இந்த மூணும் சரியா இருக்கு. நீங்களே பாருங்க."

அம்சம் ஓட்டமாக வந்து நஜ்மாவை ஜன்னல் ஓரம் இழுத்துப்போய், நண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். நஜ்மா நண்டு வளையைப் பார்த்ததில்லை. ஆனாலும் முழுதும் கேட்டாள். இடையில் இரண்டு கேள்விகளும் கேட்டாள். பிறகு போய் மாமனார் முன்னால் நின்றாள்.

"மாமா, மாத்த வேணாம். இங்கேயே இருக்கட்டும்."

"ஆறரைக்கு அவன்..."

"அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முனகினார்கள். சொட்டு நின்றது. ஆறரைப் போன் வரும்வரை ஒன்றரை மணி நேரம் நஜ்மா கட்டிலை விட்டு நகரவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எடுத்த முடிவு தப்பாகிவிட்டால் உலகத்தில் ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அம்சத்துக்கும் அதே பயம்தான். நண்டுக் கதை சொன்னது அவள்தானே.

மூச்சு சீராக வந்தது. இடையில் ரிஃப்கா விழித்து ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றாள். நர்ஸ் அளந்து பார்த்து, "நல்லா போறா" என்றார். திரும்பப் படுக்கவைத்தபோது காலையும் முழங்கையையும் பறட்டுப் பறட்டென்று சொறிய ஆரம்பித்தாள். தோலெல்லாம் சிவந்து நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். நஜ்மா பதறினாள். "அது கொணமாகற அடையாளம்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறரைக்குப் போன் அடித்தது. நஜ்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தா சொன்னாங்க, மாத்த வேணாம்னுட்டியாமே" என்றான் ஃபஹத். முதலில் தன் அப்பாவிடம் பேசியிருக்கிறான் போல. இந்தத் தடவை கத்தவில்லை.

"ஆமா."

"சரி. நீ பாத்துச் செய்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "நான் அனுப்பின சிரப்பைக் குடுத்தியா? இங்க ரூம்ல ஒருத்தன் சொன்னான், டெங்குக்கு அதைக் குடுக்கக் கூடாதாமே?"

நஜ்மா அம்சத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு என்ன தெரியப்போகிறது?

"குடுத்தேன்" என்றாள். "நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாது. புள்ளை நல்லா இருக்கா. இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க."

ரிஃப்கா ஒரு கையால் சொறிந்துகொண்டே மறு கையால் போனை வாங்கினாள். "அத்தா, எனக்கு அரிக்குது. பசிக்குது. இட்லி வேணாம்னு சொல்லு இவங்ககிட்ட, மூணு நாளா இட்லிதான். எனக்குப் பரோட்டா வேணும். அத்தா? அத்தா, நீ எப்ப வருவ?"

கரகரவென்று ஏதோ சத்தம் மட்டும் வந்தது. பெரிய மனிதன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் என்று அம்சத்துக்கும் நஜ்மாவுக்கும் புரிந்தது. குழந்தைக்குப் புரியவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, லைன் கட்டாயிடுச்சு."

"கட்டாகலடி" என்றாள் நஜ்மா. "நீ பேசு."